அருள்பாண்டியின் ரெண்டு சீட்டுக் கார்

இந்தக் கார் விஷயத்தில் என் வீட்டுக்காரருக்காக யாரும் என்னிடம் வக்காலத்து வாங்க வேண்டாம். ஏற்கெனவே வாங்கியவர்கள் போதும். "ஆம்பளைக்கு ஒரு ஆசை இருக்கக் கூடாதா டீச்சர்?" என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்ததும் பேச்சை மாற்றிக்கொண்டு போனவர்கள் நிறையப் பேர். ஆசை இருக்கட்டும். எங்கள் பக்கம் புறா வளர்க்கிறான், சண்டைச் சேவல் வளர்க்கிறான், வாடிவாசலுக்கு மாடு வளர்க்கிறான். அதெல்லாம் ஆசை. பசுமலைச் சந்துக்குள் ரெண்டே சீட்டு உள்ள ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்து நிறுத்தி, இதிலேயேதான் கடைக்கும் போவேன், கறி வாங்கவும் போவேன், கல்யாணத்துக்கும் போவேன் என்று ஒற்றைக் காலில் நிற்பதற்குப் பெயர் வேறு. அது வாய்வரைக்கும் வருகிறது. எழுத வேண்டாம் என்று விடுகிறேன்.

என் பெயர் சத்யப்ரியா. பசுமலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். என் வீட்டுக்காரர் அருள்பாண்டி காளவாசலில் மோட்டார் பம்ப் கடை வைத்திருக்கிறார். கடையில் கோபப்பட மாட்டார், வாடிக்கையாளரை "அண்ணே, அண்ணே" என்று கரைத்தே அனுப்புவார். கெட்ட பழக்கம் ஒன்றும் கிடையாது. அதனால்தான் எனக்கு இன்னும் எரிச்சல். கெட்ட மனுசன் என்றால் திட்டித் தீர்த்துவிட்டுத் தூங்கலாம்.

அவர் ஏன் அந்தக் காரை வாங்கினார் என்பதற்கு ஊரில் பத்துக் கதை உண்டு. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். என் மாமனார் நல்லகாமனுக்கு வாழைத் தோட்டம். ஒரு பழைய மொபெட் வைத்திருந்தார். காலையில் வாழை இலைக் கட்டுகளை ஏற்றி, அதன் மேல் மகனை உட்கார வைத்து, மார்க்கெட்டில் கட்டை இறக்கிவிட்டுப் பள்ளிக்கூடத்தில் மகனை இறக்குவார். வாழைக்கறை சட்டையில் பட்டால் போகாது. அருள்பாண்டி படித்து முடிக்கும்வரை கறைச் சட்டையோடுதான் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார். பிறகு பம்ப் கடையில் வேலைக்குச் சேர்ந்தபோது மூன்று சக்கரச் சைக்கிள், அப்புறம் லோடு ஆட்டோ, சொந்தக் கடை வந்ததும் குட்டியானை. ஏறிய வண்டியெல்லாம் சாமானுக்கான வண்டி. சாமான் போக மிச்சம் இருக்கும் இடத்தில் மனுசன் உட்கார வேண்டும்.

"சாமான் ஏத்த முடியாத வண்டி ஒண்ணு வாங்கணும் ப்ரியா" என்று கல்யாணமான புதிதில் சொல்வார். நான் சிரிப்பேன். வேடிக்கைப் பேச்சு என்று நினைத்தேன்.

அவர் அதை உண்மையிலேயே வாங்கியது, ஆஸ்பத்திரியில் எங்களுக்குக் கடைசியாகக் கைவிரித்த பிறகு. பிள்ளைக்காக வருசக்கணக்கில் ஊசி, மாத்திரை, ஸ்கேன், வேண்டுதல். ஒவ்வொரு தடவையும் ஒரு மாதம் நம்பிக்கை, அடுத்த மாதம் இழவு வீடு. கடைசியில் அந்த டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "இதுக்கு மேல உடம்பைப் போட்டு வதைக்காதீங்க" என்றார்கள். நல்ல அம்மா. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். வெளியே வராண்டாவுக்கு வந்தோம். இவர் என்னைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கொஞ்ச நாளில் கார் வந்தது. ஜெர்மன்காரன் செய்தது. கொச்சியில் யாரோ வைத்திருந்து கைமாறி வந்தது. மஞ்சளோ மஞ்சள், கண் கூசும் மஞ்சள். சந்தில் உள்ள அத்தனை பேரும் கூடிவிட்டார்கள். நான் கேட்ட முதல் கேள்வி, "பின் சீட்டு எங்கங்க?" என்பதுதான்.

அவர் பானெட்டைத் துணியால் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நமக்கு எதுக்கு ப்ரியா பின் சீட்டு? இருக்கிறது ரெண்டு பேரு."

என்னை நோகடிக்கச் சொல்லவில்லை. அது எனக்குத் தெரியும். சொன்னதை அவரே கவனிக்கவில்லை. நான் உள்ளே போய்க் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, வாளி நிரம்பி வழிகிறவரை அழுதேன். ஆஸ்பத்திரியில் சொன்னதுகூட எனக்குத் தீர்ப்பாகப் படவில்லை. அந்தக் கார்தான் தீர்ப்பாகப் பட்டது.

அந்தக் காரின் லட்சணத்தைக் கேளுங்கள். இஞ்சின் சீட்டுக்கு முதுகுப் பக்கம் இருக்கிறது. அதனால் முன்னால் ஒரு டிக்கி, பின்னால் ஒரு டிக்கி. "எந்தக் காருல ரெண்டு டிக்கி இருக்கு, சொல்லு பாப்பம்" என்று பெருமை வேறு. முன் டிக்கி பானை மாதிரி ஒரு குழி. பின் டிக்கி இஞ்சினை ஒட்டி இருப்பதால் அடுப்பு. பரவை மார்க்கெட்டில் வாங்கிய கீரை வீடு வந்து சேரும்போது பாதி வெந்திருக்கும். தயிர் புளித்துப் போகும். ஒரு முகூர்த்த நாளில் மல்லிகைப் பந்தை அதற்குள் வைத்து எடுத்துப்போய், மண்டபத்தில் திறந்தால் பூ பழுப்பேறிச் சுருண்டு கிடந்தது. கல்யாணப் பெண்ணுக்கு வாங்கிய பூ. யார் யாரோ என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அப்படியே பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது.

பெரிய அரிசி மூட்டை வாங்கினால் அது என் சீட்டில் வரும். பெல்ட் மாட்டாவிட்டால் வண்டி கத்தும் என்பதால் மூட்டைக்குப் பெல்ட் போட்டு அழைத்து வருவார். நான் பெரியார் பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறி வருவேன். கடைக்கு அவசரமாக ஒரு நீளக் குழாய் வேண்டுமென்றால் மேல்கூரையைத் திறந்து, குழாயை வானத்தைப் பார்க்க நிறுத்தி, ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு ஓட்டுவார். போலீஸ்காரர்களே சிரித்துவிட்டு விட்டுவிடுவார்கள். சேலை கட்டிக்கொண்டு அதில் ஏறி இறங்குவது கிணற்றில் இறங்கி ஏறுகிற வேலை.

வேகத்தடைதான் எல்லாவற்றிலும் பெரிய வதை. நம் ஊரில் வேகத்தடை போட யாரும் யாரையும் கேட்பதில்லை. வீடு கட்டிய சிமெண்ட் மிச்சமிருந்தால் வாசலில் ஒரு மேடு. இந்தக் காரின் வயிற்றுக்கும் ரோட்டுக்கும் நடுவே ஒரு சாண்கூடக் கிடையாது. ஒவ்வொரு மேட்டையும் கோணலாகத் தாண்ட வேண்டும். நான் இறங்கிக் குனிந்து பார்த்து, "வாங்க, வாங்க, தட்டுது, நில்லுங்க" என்று சொல்ல வேண்டும். பின்னால் நிற்கிற ஆட்டோக்காரன் ஹாரன் அடிப்பான். பள்ளிக்கூடப் பிள்ளைகள் "மிஸ், மிஸ்" என்று கையசைத்துக்கொண்டு போகும்.

ஒன்று சொல்லாவிட்டால் பொய்யாகிவிடும். ஒரு மழை நாளில், மழை விட்ட பிறகு, கூரையைத் திறந்துவிட்டுத் தேனி ரோட்டில் போனோம். நாகமலை ஓரமாகவே கூட வந்தது. அவர் சிரித்துக்கொண்டே இருந்தார். கடையிலும் பார்க்காத முகம், வீட்டிலும் பார்க்காத முகம். அன்றைக்கு அவரை எனக்குப் பிடித்திருந்தது.

அப்படி இருக்கும்போதுதான் என் நாத்தனார் பாண்டிமீனா வந்தாள். இவருடைய ஒரே தங்கை. செக்கானூரணி தாண்டி உள்ளே தள்ளி ஓர் ஊரில் கட்டிக்கொடுத்திருக்கிறது. வீட்டுக்காரர் முத்துக்குமரனுக்கு விவசாயம். ரெண்டு ஆண் பிள்ளைகள். மூன்றாவதாக உண்டாகியிருந்தாள்.

அடுப்படியில் நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்று, "மதினி, இது உங்களுக்கு" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. தோசையைத்தான் சொல்கிறாளோ என்று நினைத்தேன். அவள் என் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்தாள். "அவருகிட்டயும் கேட்டுட்டேன், அத்தைகிட்டயும் கேட்டுட்டேன். பெத்து உங்க மடியில போடுறேன். நீங்க வளத்துக்கங்க."

தோசை கருகிப் புகைந்தது. நான் அவளைக் கட்டிக்கொண்டு கத்திவிட்டேன். கடைக்குப் போய்க்கொண்டிருந்த இவர், போன் வந்ததும் என்னமோ ஏதோ என்று பாதி வழியில் திரும்பி ஓடிவந்தார்.

எங்கள் வகையறாவில் கூடப் பிறந்தவர்களுக்குள் பிள்ளை கொடுத்து வாங்குவது புதிதில்லை. கோர்ட்டு, பத்திரம் எல்லாம் முறைப்படி பின்னால் செய்துகொள்ளலாம் என்று பேச்சு. பாண்டிமீனாவின் மாமியார் மாயக்காள் எல்லாவற்றையும் முன்னின்று பேசினார்கள். பிள்ளை மூன்று மாதம் தாய்ப்பால் குடிக்கட்டும், அதற்குப் பிறகு நல்ல நாள் பார்த்து வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். வாங்குகிற முறையையும் சொன்னார்கள். பெற்றவள் பிள்ளையை வளர்க்கப்போகிறவள் மடியில் போட்டுவிட்டு உள்ளே போய்விட வேண்டும். வண்டி ஊர் எல்லையைத் தாண்டுகிறவரை வெளியே வரக் கூடாது. பிள்ளை போகிற வண்டி காலியாகப் போகக் கூடாது, அரிசியும் தேங்காயும் வாழைத்தாருமாக நிறைத்து அனுப்ப வேண்டும். ஏற்றியதைப் புது வீட்டு வாசலில்தான் இறக்க வேண்டும். நடுவில் இறக்கினால் பிள்ளைக்கு ஆகாது.

பிறந்தது பெண். ரெண்டு பையன்களுக்குப் பிறகு, நாலு தலைமுறைக்குப் பிறகு அந்த வீட்டில் பெண். சேதி கேட்டதும் எனக்குச் சந்தோசத்துக்கு முன்னால் பயம்தான் வந்தது. கொடுப்பார்களா? முத்துக்குமரன் பிள்ளையை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன். பாண்டிமீனா என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். "சொன்னது சொன்னதுதான் மதினி. நீங்க ஏன் இப்பிடி முழிக்கிறீங்க?" என்று சிரித்தாள்.

அந்த மூன்று மாதமும் நான் நானாக இல்லை. பழைய நூல் சேலைகளைத் துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆக்கினேன். பள்ளிக்கூடத்தில் நீண்ட லீவு கேட்டேன். பிள்ளைக்கு ஒரு பெயர் வைத்திருந்தேன். அதை இங்கே சொல்ல மாட்டேன்.

நாள் குறித்ததும் நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அன்னைக்கு ஒரு டாக்ஸி சொல்லுவோம்ங்க. பெரிய வண்டி. பிள்ளையை வச்சுக்கிட்டு நல்லா உக்காந்து வரலாம்."

"எதுக்கு டாக்ஸி? நம்ம கார் இல்லையா?"

"அது கார் இல்ல, தொந்தரவு. அந்த ஊருல எம்புட்டு மேடு இருக்குன்னு உங்களுக்குத் தெரியாதா?"

அவர் சொன்னார்: "நான் மூட்டை மேல உக்காந்தே வளந்தேன் ப்ரியா. எங்கப்பன் இறக்கிவிட்ட எடத்துல எல்லாம் சிரிச்சாங்க. எம்பிள்ள முதமுத எங்கூட வர்றது எம்வண்டியில வரணும். வாடகை வண்டியில வரக் கூடாது."

'எம்பிள்ள' என்று அவர் அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சொன்னார். நான் சரியென்றேன்.

சீர்த் தட்டுகளும் சொந்தக்காரர்களும் கடைக் குட்டியானையில் வந்தார்கள். நாங்கள் காரில். மாயக்காள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ஒரு வேகத்தடை. நல்ல உயரமாக எழும்பி நிற்கும், ஊர்க்காரர்களே போட்டது. போகும்போது தெரு காலியாக இருந்தது, வண்டியும் காலியாக இருந்தது. நான் இறங்கிப் பார்த்துச் சொல்ல, கோணலாக ஏற்றி மெதுவாக இறக்கிவிட்டார். "பாத்தியா?" என்று என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

விருந்து முடிந்தது. குட்டியானையில் வந்தவர்கள், வாசலில் ஆரத்தி எடுக்க ஆள் வேண்டுமே என்று முன்னாலேயே கிளம்பிப் போனார்கள். அதற்கு முன் இவர் கேட்டுப் பார்த்தார்: "அரிசி, தேங்காயெல்லாம் குட்டியானையில போட்டுவிட்டுருவமே அத்தை?"

மாயக்காள் விடவில்லை. "பிள்ள ஒரு வண்டியில, அரிசி ஒரு வண்டியிலயா? பிள்ளைக்கும் சோத்துக்கும் நடுவுல பிரிவினை வைக்கவா தம்பி? நல்லா இருக்கே!"

முன் டிக்கிக் குழியில் ரெண்டு சின்ன மூட்டை அரிசி இறங்கியது. அதன் மேல் தேங்காய். பின் டிக்கியில் வெல்லம், அதன் மேல் வாழைத்தார். பிள்ளைக்காக நான் கொண்டுபோயிருந்த பை, வெந்நீர் பிளாஸ்க், பால் பவுடர், பாட்டில் எல்லாம் இருந்த பை, வாழைத்தாருக்கு அடியில் போய்விட்டது. சொன்னேன். "வீட்டுக்குப் போறதுக்கு அரைமணி நேரந்தானே, இப்பத்தான பால் குடிச்சுச்சு" என்றார்கள். வண்டியின் மூக்கு நன்றாகவே தணிந்திருந்தது. இவர் அதைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அத்தனை பேர் நிற்கிற இடத்தில் என் வண்டி இதைத் தாங்காது என்று எந்த ஆம்பளை சொல்வான்?

நான் ஏறி உட்கார்ந்தேன். பாண்டிமீனா பிள்ளையோடு வந்தாள். அந்தக் கார் அவ்வளவு தாழ்வு என்பதால் என் மடியில் பிள்ளையைப் போட அவள் மண்ணில் மண்டி போட வேண்டியிருந்தது. மண்டி போட்டாள். பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. மடியில் வைத்து, துணியைச் சரிசெய்து, என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு எழுந்து விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள். மாயக்காள் கதவைச் சாத்தினார்கள்.

என் மடி சூடாக இருந்தது. அது மட்டும் நினைவிருக்கிறது. வேறு யாரையும் நான் பார்க்கவில்லை.

வண்டி நாலு வீடு நகர்ந்தது. விருந்துக்கு வந்தவர்களின் பைக்குகள் ரெண்டு பக்கமும் வரிசையாக நின்றன. கோணலாகத் திருப்ப வழியில்லை. "எடுக்கச் சொல்லுங்க" என்றேன். "நேரம் போயிரும் ப்ரியா, நேராவே ஏத்திருவம்" என்றார். ஏற்றினார். முன் சக்கரம் மேட்டைத் தாண்டி இறங்கியதும் அடியில் பெரிதாக ஓர் அரைப்புச் சத்தம். வண்டி வயிற்றைக் கொடுத்து மேட்டின் மேல் உட்கார்ந்துவிட்டது. பின் சக்கரம் சுற்றியது, வண்டி அசையவில்லை. பின்னால் எடுத்துப் பார்த்தார், அதுவும் முடியவில்லை.

இளவட்டங்கள் ஓடிவந்தார்கள். முத்துக்குமரன் குனிந்து பார்த்துவிட்டு, "வெயிட்டு மச்சான். அரிசிய எறக்கிட்டாத் தூக்கிரலாம்" என்றார்.

"ஏத்துனதத் தொடாதீங்கடா!" மாயக்காள் அங்கிருந்தே கத்திக்கொண்டு ஓடிவந்தார்கள். "ஊரு எல்லைகூடத் தாண்டல. பிள்ளைக்கு ஆகாது, பிள்ளைக்கு ஆகாது!"

எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். இவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே என் பக்கம் திரும்பினார்.

"ப்ரியா, நீ கொஞ்சம் எறங்கு."

"நான் எறங்க மாட்டேன்."

"கொஞ்ச நேரந்தாம்மா. வெயிட்டுக் குறையும்ல. அப்பிடியே தூக்கிவிட்டாங்கன்னா ஏறிக்க."

"பிள்ளை தூங்குதுங்க."

"ஏய், எல்லாரும் பாக்குறாங்க. எறங்கு."

அந்தக் காரிலிருந்து இறங்க ரெண்டு கையும் வேண்டும். என் ரெண்டு கையிலும் பிள்ளை. பாதி எழுந்து தடுமாறினேன். மாயக்காள் என் தோளைப் பிடித்து இழுத்தார்கள். அந்த இழுப்பில் பிள்ளை விழித்துக்கொண்டது. வெளியே நல்ல வெயில். அதே நேரம் இவர் ஆக்சிலேட்டரை மிதித்தார். ஊரே அதிர அந்த இஞ்சின் கத்தியது. பிள்ளை நடுங்கிப்போய், மூச்சே நின்றுவிட்டது போல வாயைத் திறந்து, பிறகு வீறிட்டது.

நான் தோளில் போட்டுத் தட்டினேன். முந்தானையால் மூடினேன். "அப்பாடி, ஆச்சு, ஆச்சு" என்றேன். என் குரல் அதற்குத் தெரியாது. என் வாசனை அதற்குத் தெரியாது. பை வாழைத்தாருக்கு அடியில் கிடந்தது. "வண்டிய அமத்துங்க!" என்று கத்தினேன். இளவட்டங்கள் "ஏலேலோ" போட்டுக்கொண்டு பம்பரைப் பிடித்துத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். என் சத்தம் யாருக்கும் கேட்கவில்லை.

பிள்ளையின் சத்தம் கேட்க வேண்டியவளுக்குக் கேட்டுவிட்டது. சாத்திய கதவு திறந்தது. பாண்டிமீனா செருப்பில்லாமல் ஓடிவந்தாள். ரவிக்கை முன்பக்கம் முழுக்க நனைந்திருந்தது.

"குடுங்க மதினி. பசிக்குது அதுக்கு."

மாயக்காள் "ஏடி, வெளிய வரக் கூடாதுடி" என்றார்கள். அவள் அதைக் காதில் வாங்கவில்லை. கையை நீட்டிக்கொண்டு நின்றாள். பிள்ளை நீலம் பாரித்து அழுதுகொண்டிருந்தது. நான் கொடுத்தேன். வேறு என்ன செய்வது? நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?

மேட்டை ஒட்டி இருந்த வீட்டுப் படியிலேயே உட்கார்ந்து முந்தானையை இழுத்துவிட்டு மார்பில் போட்டுக்கொண்டாள். அழுகை பட்டென்று நின்றது. பிள்ளை குடிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. அவள் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது, துடைக்கவில்லை. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஹோவென்று ஒரு கூச்சல். வண்டி மேட்டிலிருந்து பின்னால் இறங்கிவிட்டது. இவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, சிரித்த முகமாக இறங்கி வந்தார். பைக்குகளை எடுக்கச் சொல்லிவிட்டாராம். "வந்திருச்சு! ஏறு ப்ரியா, நேரம் இன்னும் இருக்கு."

பாண்டிமீனா தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்: "அண்ணே, நீங்க போங்கண்ணே."

"என்ன மீனா? பால் குடிக்கட்டும், இருந்து கூட்டிட்டுப் போறோம்."

"நீங்க போங்க. என்னால முடியலண்ணே. மதினி, என்னய மன்னிச்சிருங்க. என்னால முடியல."

இவர் முத்துக்குமரனைப் பார்த்தார். "மாப்ள, என்ன மாப்ள இது?"

முத்துக்குமரன் தரையைப் பார்த்துக்கொண்டு, "இன்னொரு நல்ல நாள் பாப்பம் மச்சான்" என்றார். எந்த நாள் என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

பிறகு மாயக்காளே ஆட்களைக் கூப்பிட்டு டிக்கிகளைத் திறக்கச் சொன்னார்கள். பிள்ளை போகாத வண்டியில் பிள்ளையின் அரிசி எதற்கு? மூட்டை, தேங்காய், வெல்லம், வாழைத்தார் எல்லாவற்றையும் இறக்கினார்கள். என் பை அடியிலிருந்து வந்தது. அதை என் கையில் கொடுத்தார்கள். ஏறினேன். வண்டி அந்த மேட்டைச் சத்தமே இல்லாமல் தாண்டியது.

நாகமலை வந்தது. அங்கே ரோட்டோரமாக நிறுத்தினார். ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார்.

"நான் எறங்கியிருக்கலாம்ல ப்ரியா?" என்றார். "உன்னையும் பிள்ளையையும் சேத்தாலும் என் வெயிட்டு வராது. சாவிய மாப்ள கையில குடுத்துட்டு நான் எறங்கியிருக்கலாம்ல?"

எனக்கும் அதுவரை அது தோன்றவில்லை. அங்கே நின்ற அத்தனை பேரில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. "எறங்கியிருக்கலாம்" என்றேன். அவர் அழுதார். நான் தொடவில்லை. வீட்டு வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்றவர்கள் என் மடியைப் பார்த்துவிட்டு, தட்டை என்ன செய்வதென்று தெரியாமல் உள்ளே எடுத்துப் போனார்கள்.

அது நடந்து மூன்று வருசம் ஆகிறது. பிள்ளைக்கு ஆர்த்திகா என்று பெயர் வைத்தார்கள். நல்ல பெயர்தான். பாண்டிமீனாவோடு பேச்சை முறித்துக்கொள்ளவில்லை. முறித்தால் பிள்ளையைப் பார்க்க முடியாதே. காரை இவர் விற்கவும் இல்லை. விற்றுத் தொலையுங்கள் என்று நான் கத்தாத நாளில்லை. "பாப்பாவுக்கு அந்த வண்டிதான் பிடிக்கும்" என்பார். நிஜம்தான். சத்தம் கேட்டு அன்று நடுங்கிய பிள்ளை, இப்போது அந்தச் சத்தம் கேட்டால் தெருமுனைக்கு ஓடிவருகிறாள். மேட்டுக்கு இந்தப் பக்கமே வண்டியை நிறுத்தி, அவளை என் சீட்டில் உட்கார வைத்துப் பெல்ட் போட்டு, கண்மாய்க்கரைவரை ஒரு சுற்று சுற்றிக் காட்டுவார். அதுவரை நான் வெயிலில் நிற்பேன்.

போன வாரமும் போனோம். சுற்றிவிட்டு வந்து நிறுத்தினார். நான் ஓடிப்போய்க் கதவைத் திறந்து, குனிந்து, ரெண்டு கையையும் நீட்டினேன். எனக்குப் பின்னால் பாண்டிமீனா வந்து நின்றிருக்கிறாள், எனக்குத் தெரியாது. பிள்ளை என் கையைப் பார்த்தாள். எனக்குப் பின்னால் பார்த்தாள்.

"அத்தை, தள்ளு" என்றாள்.

நான் தள்ளி நின்றேன்.